பழைய பைக் செயினுக்கு கியர் ஆயிலா, ஸ்ப்ரேயா?

பழைய பைக்குகள் பலவற்றில் ஓ-ரிங் (கண்ணிகளுக்குள் கிரீஸை அடைத்துவைக்கும் ரப்பர் வளையம்) இல்லாத சாதா செயின்தான் இருக்கும், அதனால் கண்ணிகளை இணைக்கும் பின்னுக்கும் (pin) அதைச் சுற்றியிருக்கும் குழலான புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய் போய்ச் சேர்வது முழுக்க நம் கையில்தான். இந்தச் செயினுக்கு என் ஓட்டு 90 நம்பர் (கெட்டியான) கியர் ஆயிலுக்கே. வண்டி ஓட்டி வந்த சூட்டோடு, கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில், ஒவ்வொரு ரோலரின் (புஷ்ஷின் மேல் சுழலும் உருளை) இரண்டு ஓரத்திலும் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினால் (இன்ஜினை ஓடவிட்டுச் செய்யவே செய்யாதீர்கள், விரல் போய்விடும்) எண்ணெய் உள்ளே இறங்குவது கண்ணுக்கே தெரியும். இரவு முழுக்க விட்டு, காலையில் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் ஓட்டினால் ரிம், டயர் மேலெல்லாம் எண்ணெய் தெறிக்கும், டயரில் எண்ணெய் பட்டால் ஆபத்து.

செயினுக்கென்றே விற்கும் ஸ்ப்ரே சுத்தமான வேலை, தெறிப்பு குறைவு, அடிக்கடி போடவும் வேண்டாம். ஆனால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிஞ்சும் பிசுபிசுப்பில் மணல் ஒட்டிக்கொண்டு கறுப்புப் பசையாகிவிடும், அதற்கு மேலேயே திரும்பத் திரும்ப அடித்தால் உள்ளே ஒன்றும் போகாது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவித்தான் ஆக வேண்டும். கியர் ஆயில் போட்ட செயினுக்குப் பெரும்பாலும் துணியே போதும்.

ஓ-ரிங் செயின் மாற்றியிருக்கிறீர்களா, சரி, அப்போது ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் ஸ்ப்ரேயே வசதி. பெட்ரோல் மட்டும் அதன் பக்கமே போகக் கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.