குரல்வளைப் புற்றுநோயின் அரிய வகைகள்: எதற்கு அறுவை, எதற்குக் கதிர்வீச்சு?

குரல்வளையில் வரும் புற்றுநோய்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஸ்குவாமஸ் செல் கார்சினோமாதான், அதாவது உள்பக்கத்தை மூடியிருக்கும் மேற்படலத்தின் தட்டைச் செல்களில் வரும் புற்று. தேடினால் கிடைக்கிற தகவலும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். பயாப்ஸி அறிக்கையில் வேறு பெயர் வந்திருந்தால் அந்தத் தகவலை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரே இடத்தில் வளர்ந்தாலும், ஒரு வகைக்குச் சரியான சிகிச்சை இன்னொன்றுக்குத் தவறாகிவிடும்.

முதலில் வெருகஸ் கார்சினோமா. இது ஸ்குவாமஸ் குடும்பத்திலேயே சாதுவானது. பெரும்பாலும் குரல்நாணில், மரு போலச் சொரசொரப்பாக வளரும். கலப்பில்லாத வெருகஸ் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதில்லை என்றே சொல்லலாம். இருந்த இடத்திலேயே பரந்து திசுவை அழுத்தும். சிக்கல் நோயைக் கண்டுபிடிப்பதில்தான். மேலாகக் கிள்ளி எடுத்த துண்டில் தடித்த மேற்படலம் மட்டுமே தெரியும், ‘புற்று இல்லை’ என்று அறிக்கை வந்துவிடும். கட்டியின் அடிப்பகுதியும் சேர்ந்து வந்தால்தான் உண்மை தெரியும். அதனால் பயாப்ஸியைத் திரும்பச் செய்யச் சொன்னால் மருத்துவர் மீது சந்தேகப்பட வேண்டாம். சிகிச்சையில் அறுவைக்கே முதலிடம். பல சமயம் வாய்வழியாக லேசரிலேயே எடுத்துவிடலாம். கதிர்வீச்சு இதில் அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை. அறிக்கையில் சாதாரண ஸ்குவாமஸும் கலந்திருப்பதாக எழுதியிருந்தால் கணக்கே மாறிவிடும். அப்போது சாதாரண ஸ்குவாமஸுக்கு உரிய சிகிச்சைதான்.

அதே குடும்பத்து பேசலாய்ட் வகை நேர் எதிர். குரல்நாணுக்கு மேலே வளர்ந்து, கண்டுபிடிக்கும்போதே கணுக்களுக்குப் போயிருப்பது வழக்கம்.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஜோடி: கான்ட்ரோசார்கோமாவும் ஸ்மால் செல் கார்சினோமாவும்.

கான்ட்ரோசார்கோமா குருத்தெலும்பில் பிறப்பது. பெரும்பாலும் க்ரிகாய்ட் என்ற, குரல்வளையின் அடியில் இருக்கும் குருத்தெலும்பு வளையத்தின் பின்பக்கத்தில் வரும். மேலே உள்ள சவ்வு வழவழப்பாகவே இருப்பதால் எண்டோஸ்கோப்பியில் வெறும் வீக்கமாகத் தோன்றும். சிடி ஸ்கேனில் உள்ளே சுண்ணாம்புப் படிவுகள் தெரிந்தால் அது நல்ல துப்பு. பெரும்பாலானவை குறைந்த வீரியம் கொண்டவை. மெல்ல வளரும், தூரத்துக்குப் பரவுவது அபூர்வம். குரல்வளையைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சில வருடங்கள் கழித்துத் திரும்ப வந்தாலும் மறுபடி அறுவை செய்யலாம். புற்று என்ற சொல்லைக் கேட்ட பயத்தில் முழுக் குரல்வளையையும் எடுக்க அவசரப்பட்டால், குரலை வீணாக இழக்க நேரிடலாம்.

ஸ்மால் செல் விஷயத்தில் அந்த நிதானம் உதவாது. நுரையீரலில் வரும் அதே பெயருள்ள புற்றைப் போலவே சீக்கிரம் உடலெங்கும் பரவும். ஆகவே கீமோவும் கதிர்வீச்சும்தான் முக்கியம். குரல்வளையை அகற்றுவதால் பெரிய பலன் இல்லை. அதற்கு முன், இது நுரையீரலிலிருந்து வந்ததா என்று ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்மால் செல், நியூரோஎண்டோக்ரைன் கட்டிகளில் (ஹார்மோன் சுரக்கும் தன்மையுள்ள, நரம்பு சார்ந்த செல்களின் கட்டிகள்) ஒன்று. அதே குழுவில் இருக்கும் ஏடிபிகல் (atypical) கார்சினாய்ட் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் சரியாக மசியாது, அதற்கு அறுவைதான். அதனால் அறிக்கையில் ‘நியூரோஎண்டோக்ரைன்’ என்று மட்டும் இருந்தால் போதாது, எந்தத் தரம் என்று கேளுங்கள். இந்தக் கார்சினாய்டில் கால்சிடோனின் என்ற ஹார்மோனைக் காட்டும் சாயமும் ஏறும் என்பதால், அதே ஹார்மோனைச் சுரக்கும் தைராய்டின் மெடுல்லரி புற்று என்று குழப்பிக்கொள்ளவும் இடமுண்டு.

அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றி, பெரும்பாலும் குரல்நாணுக்குக் கீழே வளரும். நரம்புகளின் ஓரமாக ஊர்ந்து போவதால் அறுவையில் வெட்டிய ஓரம் புற்றுச் செல் இல்லாமல் சுத்தமாகக் கிடைப்பது கடினம். பிறகு கதிர்வீச்சும் கொடுப்பார்கள். நுரையீரலில் பல வருடம் கழித்தும் தலைகாட்டும். ஐந்து வருடம் ஆகிவிட்டது என்று கண்காணிப்பை நிறுத்தக் கூடாத கட்டி இது.

லிம்போமா (நிணநீர்ச் செல்களின் புற்று), பிளாஸ்மசைட்டோமா (பிளாஸ்மா செல்களின் கட்டி) என்று வந்தால் குரல்வளையை அகற்றும் பேச்சுக்கே பொதுவாக இடமில்லை. முந்தையதில் மருந்தும் கதிர்வீச்சும், பிந்தையதில் பெரும்பாலும் கதிர்வீச்சு மட்டுமே.

அரிய பெயர் எது வந்தாலும், பெரிய அறுவைக்குச் சம்மதிக்கும் முன், தலை-கழுத்துக் கட்டிகளில் அனுபவமுள்ள இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள். ஸ்லைடோடு, திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி அனுப்புங்கள். கூடுதல் சாயச் சோதனைகளுக்கு அது தேவைப்படும்.