கனுலா எங்கே போடுவது: புறங்கையா, முழங்கை மடிப்பா, முன்கையா?

அம்மாவின் காலில் செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்று வந்து, நாளம் வழியாகப் பல நாள் அன்டிபயோட்டிக் ஏற்ற வேண்டி வந்தது. அதற்காக நாளத்துக்குள் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் கனுலா. முதல் கனுலா புறங்கையில். சீக்கிரமே அந்த நாளம் நெடுகச் சிவந்து, தடவினால் கயிறு மாதிரித் தட்டுப்பட்டது. அடுத்ததை முன்கையில், அதாவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், போட்டார்கள். வீடு வரும்வரை அதுவே ஓடியது. ஆகவே நான் முன்கைக் கட்சி.

முழங்கை மடிப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நாளம் பெரியது, ஊசி சட்டென்று ஏறும். விபத்து, டெங்கு அதிர்ச்சி மாதிரி அவசரங்களுக்கு அதுதான் சரி. வாட்டில் நாள்கணக்கில் கிடப்பவருக்குச் சரிவராது. கையை மடக்கினால் சேலைன் நின்றுவிடும்.

புறங்கையின் பெரிய வசதி, நாளம் கண்ணுக்குத் தெரிவது. ஆனால் நாளம் அழலுவதற்கு ஒரு முக்கியக் காரணம் அசைவு. உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் நுனி, கை அசையும்போதெல்லாம் நாளத்தின் உட்சுவரில் உரசுகிறது. சுவர் காயப்பட்டால் இரத்தம் கட்டும், வீக்கமும் நோவும் தொடங்கும். தேநீர்க் கோப்பையைப் பிடித்தாலும், தலை வாரினாலும், கட்டிலில் கையூன்றி எழும்பினாலும் மணிக்கட்டு மடங்கத்தான் செய்யும். அம்மா கோப்பையைத் தூக்கும்போது கனுலாவின் மூடி பக்கவாட்டில் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். கொழும்பு வேர்வையில் பிளாஸ்டரின் ஓரம் வேறு கிளம்பிவிடும். பிறகு ஆட்டம் இன்னும் கூடும்.

முன்கையில் மூட்டு இல்லை. உள்ளே ஓடும் இரண்டு எலும்புகளே மட்டை கட்டிய மாதிரித் தாங்கிக்கொள்ளும். நாளமும் புறங்கையை விடப் பெரியது. குழாயைச் சுற்றி இரத்தம் தாராளமாக ஓடுவதால் மருந்து கலந்து நீர்த்துப்போகும். வன்கோமைசின், பொட்டாசியம் மாதிரி நாளத்தை எரிக்கிற மருந்துகளுக்கு இது பெரிய விஷயம். குழாய் அளவும் அப்படித்தான். எண் குறையக் குறையக் குழாய் பெரிது. சாதாரண மருந்துக்கு நீல நிற 22 போதும். பச்சை நிற 18 தேவையில்லாமல் நாளத்தை அடைத்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. முன்கை நாளம் பலருக்கு வெளியே தெரியாது. பட்டி கட்டி, தடவித் தேட வேண்டும். வாட்டில் வேலை நெருக்கும்போது தாதிமாருக்கு அதற்கு நேரம் எங்கே? இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். "மிஸ், இங்க போட ஏலுமா?" என்று இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும், சிங்களம் தெரியாவிட்டாலும் விளங்கும். அதிகம் புழங்காத கையாக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பிரிட் பூசிய இடம் காயும்வரை கையை ஆட்டாமல் வைத்திருப்பது நம் வேலை.

மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டுமா என்பது தனிக் கேள்வி. 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வில் 3,283 நோயாளிகள். மூன்றாம் நாள் மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் நாள அழற்சி ஒரே அளவு: 7 சதவீதம். அதற்காகப் பார்க்காமல் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. நோவு, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு இருந்தால் கனுலாவைக் கழற்ற வேண்டும். தாதி வரும்வரை காத்திருக்காமல் கூட இருப்பவர் கூப்பிட்டுச் சொல்லலாம்.

என் அனுபவம் வயதான ஒருவரின் கையோடு நிற்கிறது. குழந்தைகளுக்கு எது தோது என்று அவர்களின் வாட்டில்தான் கேட்க வேண்டும். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கோ என் கட்சி செல்லாது. பின்னால் டயலிசிஸ் தேவைப்பட்டால், பெரும்பாலும் முன்கை நாளத்தைத்தான் நாடியோடு இணைத்துப் பிஸ்டுலா செய்வார்கள். அதைப் பழுதாக்கக் கூடாது. அவர்களுக்குப் புறங்கைதான். சிறுநீரகக் கோளாறு இருப்பதை ஊசி எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.