கல்லா, கேப்பா? இரண்டு இடியன்களும் ஒரு வாளித் தண்ணீரும்

ஒன்ராறியோவில் வாழ்ந்த காலத்தில் ஒன்பது ஆண்டுகள், குழலின் வாய்வழியாக வெடிமருந்திட்டு இடிக்கும் இடியன் துவக்குகளால் இலக்குப் பலகையில் சுடுவதே எனது விடுமுறைநாட் பொழுதுபோக்காக இருந்தது. முதலில் வாங்கியது கேப், அதாவது அடித்தால் வெடிக்கும் மருந்து கொண்ட சிறு உலோக மூடி, வைத்துச் சுடுவது. மூன்றாம் ஆண்டில் சக்கிமுக்கிக்கல் பூட்டுக் கொண்ட இன்னொன்றையும் வாங்கினேன். ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தபோது கேப் துவக்கை விற்றுவிட்டு, கல் துவக்கை மட்டும் மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானில் இதைக் கேட்ட பெரியப்பா, "உலகம் கல்லில இருந்து கேப்புக்கு வந்தது, தம்பி. நீ திரும்பிப் போறாய்" என்று சிரித்தார். அவர் அறிந்த இடியன்கள் எல்லாம் கேப் வைத்தவை என்பதால் அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. இப்போது கனடாவில் இருக்கும் மருமகன் ஒருவர் எதை வாங்கலாம் என்று கேட்டிருப்பதால், என் தெரிவின் காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இது அங்குள்ள சுடுதிடல்களுக்கான பேச்சே அன்றி, வன்னிக்கானது அன்று. இங்கே இடியனும் உரிமம் வேண்டிய துவக்குத்தான். பன்றிக்கென்று வரம்பில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு எத்தனை பேரின் காலைப் பறித்தது என்பதை அறிந்த ஊரில் இதனை விளையாட்டாகப் பேசவும் முடியாது.

பொதுவானவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். என்னுடைய இரண்டுமே 0.50 அங்குலக் குழல் கொண்டவை, இரண்டுக்கும் 0.490 அங்குல ஈயக்குண்டும், எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணித்துண்டும் போதுமாயிருந்தன. ஐம்பது யார் தூரத்தில் குறி தப்பியதற்கெல்லாம் காரணம் நானே. எடையும் விலையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கேப்பின் மேன்மைகளை மறைக்க விரும்பவில்லை. விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியலான குதிரை கேப்பின் மீது விழுந்த கணமே குழல் வெடிக்கிறது. கல் துவக்கிலோ, கல் உருக்குத் தட்டில் உரசி, பொறி குழலுக்கு வெளியே சிறு கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றி, அந்த நெருப்பு, பற்றுவாய் என்ற சிறு துளை வழியே உள்ளே போக வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் கை அசைந்தால் குண்டு வேறெங்கோ போய்விடும். முகத்தருகே எழும் சுவாலைக்குக் கண்ணை மூடாதிருக்கப் பழக எனக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் தேவைப்பட்டது. அலெக்சாண்டர் போர்சித் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1807 இல் அடித்தால் வெடிக்கும் மருந்தால் துவக்கைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றதற்கே, கிண்ணியின் ஒளியைக் கண்டு பறவைகள் தப்பிப் பறந்ததுதான் காரணம் என்பார்கள். கட்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதாகக் கல்லில் பொறித்திருக்கும் 1803 ஒக்டோபர் 31 அன்று, கேப் என்ற பொருளே உலகில் இருக்கவில்லை. அந்தப் போரில் வெள்ளையர் தோளில் கிடந்தவை கல் துவக்குகளே. மழைத் தூறலில் அவர்கள் பட்டிருக்கக்கூடிய பாட்டை என் கிண்ணி நனைந்த நாட்களில் நினைத்திருக்கிறேன். ஈரத்தில் கேப்பே மேல்; அதில் வாதமில்லை. மேலும், கருமருந்துக்கு மாற்றாகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வெடிமருந்துகள் பற்றுவதற்கு அதிக வெப்பம் தேவைப்படுவதால் கல் துவக்குக்குச் சரிவருவதில்லை; உண்மையான கருமருந்தைத் தேடியே வாங்க வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் நான் கல்லின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், சுடும் நேரம் அன்று, சுட்டு முடித்த பிறகு வரும் மாலை நேரம். எரிந்த கருமருந்தின் எடையில் பாதிக்கு மேல் திண்மமாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையாய்ப் போனாலும், மீதி குழலின் உட்சுவரில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஓரிரு நாட்களில் இரும்பைத் தின்னத் தொடங்கும். ஆகவே எவ்வளவு களைத்திருந்தாலும் அன்றிரவே கழுவ வேண்டும். அந்தக் கழிவின் பெரும்பகுதி உப்பு என்பதால் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். கடையில் விற்கும் கனிம எண்ணெயை அதன்மேல் பூசினால் தார்போன்ற பிசினே மிஞ்சும். முதலில் கொதிநீர் ஊற்றி வந்தேன். குழல் விரைவாகக் காய்ந்தாலும் கண்முன்னேயே செம்மை படர்வதைக் கண்டபின் இளஞ்சூட்டு நீருக்கு மாறினேன்.

கல் துவக்கில் இந்த வேலை எளிது. பற்றுவாயில் ஒரு மரக்குச்சியைச் செருகி, நீர் ஊற்றி, ஆட்டிக் கவிழ்த்து, நீர் தெளியும் வரை துணி ஓட்டினால் போதும். பூட்டைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும். அதற்குக் கால்மணி நேரம். கேப் துவக்கிலோ, கேப் அமரும் நிப்பிளுக்கும் குழலுக்கும் இடையில் நெருப்பு வளைந்து செல்லும் ஒடுங்கிய வழி ஒன்று உண்டு. என்னுடையதில் குழலின் அடி அறையும் ஒடுங்கியிருந்ததால், துணி சுற்றிய கோல் கடைசி அங்குலத்தைத் தொடவே இல்லை. ஒவ்வொரு முறையும் நிப்பிளைத் திருகிக் கழற்றி, அதன் மரையில் கொழுப்புப் பூசி மாட்ட வேண்டும். ஒரு நவம்பரில், குளிருக்குச் சோம்பி, கொழுப்புப் பூசாமல் மாட்டிவிட்டேன். வசந்தத்தில் அது அசையவில்லை. நான் பலங்கொண்டு திருகியதில் அதன் விளிம்பு தேய்ந்துபோக, துவக்குத் திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்து எடுப்பிக்க வேண்டியதாயிற்று. பிழை முழுவதும் என்னுடையதே. ஆனால் அந்தப் பிழைக்கு இடமே தராத துவக்கு பக்கத்திலேயே சாய்ந்து நின்றது. இதில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும்: அடி அறை ஒடுங்கிய கல் துவக்குகளும் உள்ளன. என் ஒப்பீடு நான் வைத்திருந்த இரண்டைப் பற்றியது மட்டுமே, ஆகையால் மருமகன் வாங்குமுன் குழலின் அடி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேப்பில் இன்னொரு சிக்கல், அது நாமே செய்துகொள்ளக்கூடிய பொருள் அன்று. அப்பு தன் கேப்புகளை வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்புக் கரண்டகத்தைக் கழுவிக் காயவைத்து அதில் எண்ணி வைத்திருப்பார்; எண்ணிக்கை குறைந்தால் வீட்டில் விசாரணை நடக்கும். 2020 இல் கடைகளில் கேப் தட்டுப்பாடு வந்தபோது அந்தக் கரண்டகம் எனக்கு நினைவு வந்தது. நூறு கேப் கொண்ட கடைசி டப்பாவை நானும் அப்படித்தான் எண்ணினேன். கல்லோ, மழுங்கினால் விளிம்பைத் தட்டிக் கூராக்க, என் கணக்கில் முப்பது நாற்பது வெடிகள் தாங்கியது. சில கற்கள் பத்திலேயே உடைந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கனடாவின் சட்டமும் ஒரு பக்கம் சாய்கிறது. கல் பூட்டு நெடுந்துவக்கின் புதுப் பிரதி அங்கே பழம்பொருளாகக் கொள்ளப்படுவதால் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. கேப் பிரதிக்கு உரிமம் வேண்டும். விற்கும்போதும் இது பொருந்தும், கல் துவக்கை விரும்பி வாங்குபவர்கள் குறைவு என்றாலும். உரிமம் தேவையில்லை என்பதற்காகப் பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டாம், மருமகனே. கிண்ணி எரிந்து குழல் வெடிக்காமல் இருந்தால், ஒரு நிமிடமாவது அதை இலக்கை நோக்கியே பிடித்து நிற்கும் பொறுமையைப் பக்கத்தில் ஒருவர் நின்று பழக்க வேண்டும்.

வன்னி மாரியின் ஈரத்தில் கல் துவக்கைப் பேணிய அனுபவம் எனக்கில்லை. அப்பு தன் இடியனை அடுப்படிப் பரணில் புகை படும்படி வைத்திருந்தார் என்பதே நான் அறிந்தது. என்னுடையது அங்கே உலர்ந்த நிலவறையில் இருந்தாலும், இரண்டு மாதத்துக்கொரு முறை மைத்துனரை அழைத்து, எண்ணெய்த் துணியைக் குழலில் ஓட்டி எடுத்து வீடியோவில் காட்டச் சொல்கிறேன். போன முறை துணியின் நுனி லேசாகப் பழுப்பாயிருந்தது. அவர் இல்லை என்கிறார். நான் மறுபடியும் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.