இயற்கை விவசாய மானியம் வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

இயற்கை விவசாயத்துக்கான அரசு மானியத்தை "நாங்களே வாங்கித் தருகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று யாராவது உங்கள் ஊரில் கூட்டம் போட்டால், பேனாவைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி வந்த ஒரு நிறுவனத்தை நம்பிய எங்கள் விவசாயிகள் குழுவில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, அடுத்த ஊருக்கு வேறு பெயர்ப் பலகையோடு போவார்கள்.

திட்டம் பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா (பாரம்பரிய வேளாண்மை மேம்பாட்டுத் திட்டம்) 2015-இல் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் தொகுப்பாகச் சேர்ந்து இரசாயனத்தை விட்டு மாறுவதற்கு, ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 31,500 ரூபாய் ஒதுக்குகிறார்கள். அதில் 15,000 இடுபொருளுக்காக (உரம், விதை போன்றவை) விவசாயியின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். 3,000 சான்றிதழுக்கும், விளைபொருளில் இரசாயன மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எச்சப் பரிசோதனைக்கும், 4,500 விற்பனை, பேக்கிங் வகையறாவுக்கும், 9,000 குழு அமைப்பதற்கும் பயிற்சிக்கும். ஒரு விவசாயி 2 ஹெக்டேர் வரை சேரலாம்.

இந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அது தெரிந்திருந்தால் அவர்கள் கேட்ட முதல் தொகையிலேயே சாயம் வெளுத்திருக்கும். சான்றிதழ்க் கட்டணம் என்று ஆளுக்கு ஒரு தொகை வசூலித்தார்கள். சான்றிதழுக்கான பணம் திட்டத்துக்குள்ளேயே இருக்கும்போது விவசாயியிடம் எதற்கு வாங்க வேண்டும்?

அப்புறம் கணக்கில் பணம் ஏறியது. குறுஞ்செய்தி வந்த கையோடு அவர்களுடைய களப்பணியாளரும் வந்துவிட்டார். "அது இடுபொருளுக்கு வந்த பணம்ண்ணே, எங்க கணக்குக்கு மாத்தி விட்டுருங்க, மூட்டை வந்துரும்" என்றார். நல்ல பையன்தான், அவனுக்கும் சம்பளம் பாக்கி என்று பின்னால் தெரிந்தது. மூட்டையும் வந்தது. மண்புழு உரம் என்று எழுதியிருந்த சாக்கில் செம்மண்ணும் மக்காத சாணமும். அசோஸ்பைரில்லம் (பயிருக்குத் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) பொட்டலத்தில் பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவ உயிர் உரத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி நுண்ணுயிர்கள், திரவத்தில் மில்லிக்கு 10 கோடி இருக்க வேண்டும். தேதியே இல்லாத பொட்டலத்தில் எது உயிரோடு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இதே அசோஸ்பைரில்லம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒழுங்கான லேபிளோடு கிடைக்கிறது. பில் கேட்டவர்களுக்கு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

இதைக்கூடச் சகித்திருக்கலாம். சான்றிதழில் செய்ததுதான் எங்களை உண்மையிலேயே அடித்தது.

இந்தத் திட்டத்தில் கிடைப்பது பிஜிஎஸ் இந்தியா சான்று, அதாவது விவசாயிகளே பங்கேற்று உத்தரவாதம் கொடுக்கும் முறை. வெளியிலிருந்து ஆய்வாளர் வந்து கொடுப்பது அல்ல. குழுவில் இருக்கிற விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்து, படிவம் நிரப்பி, குழு கூடி முடிவெடுத்து, சான்றை அங்கீகரிக்கும் மண்டலக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மாறுகிற காலத்தில் பசுமைச் சான்று, மாற்றக் காலம் முடிந்த பிறகே முழு இயற்கைச் சான்று. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் குழுவில் யாரும் யார் வயலையும் போய்ப் பார்க்கவில்லை. முதல் கூட்டத்தில் வெற்றுத் தாள்களில் வாங்கிய கையெழுத்துகளை வைத்து அலுவலகத்தில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அதையும் எழுதவில்லை. நெல்லை வாங்க வந்த வியாபாரி சான்று எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்து, "இது காலாவதி ஆயிருச்சே" என்றார். விளைச்சல் குறைந்த வருடங்களையும் தாங்கிக்கொண்டு மருந்தடிக்காமல் விளைவித்த நெல், சாதா விலைக்குப் போனது. ஏற்றுமதிக்குப் போகலாம் என்று ஆசை காட்டியதும் பொய்தான். பிஜிஎஸ் உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும். ஏற்றுமதிக்கு அபேடா (மத்திய அரசின் வேளாண் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) நடத்தும் தேசிய அங்கக (இயற்கை) உற்பத்தித் திட்டத்தின் கீழ் தனிச் சான்று வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எங்கள் குழுவின் ஆவணங்களைக் கேட்டோம். வந்த நகல்களில் நாங்கள் போகாத பயிற்சி வகுப்புகளுக்கு வருகைப் பதிவேடு இருந்தது. எல்லோர் கையெழுத்தும் அதில் இருக்கிறது. கைநாட்டு மட்டுமே வைக்கத் தெரிந்த ஒரு பெரியவர் அழகாகத் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! குழு அமைக்கவும் பயிற்சிக்கும் என்று ஒதுக்கிய அந்த 9,000 போன வழி இதுதான்.

இப்போது புகார் ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் முதல்வரின் முகவரி 1100 உதவி எண்ணிலும் இருக்கிறது. வங்கி வழியாகப் பணம் மாற்றியவர்களின் கணக்கு அறிக்கைதான் எங்களிடம் இருக்கும் பலமான ஆதாரம். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் பாவம், காட்ட ஒரு துண்டுச்சீட்டு இல்லை.

நீங்கள் சேர்வதாக இருந்தால் வட்டார உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகத்துக்கு நீங்களே ஒரு நடை போய், உங்கள் குழு எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது, குழுவை நடத்த நியமிக்கப்பட்ட சேவை நிறுவனம் யார் என்று கேளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார் நகல் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தது என்று நகலின் மேலேயே எழுதிக் கொடுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். கணக்கில் ஏறிய மானியத்தைத் திருப்பிக் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் சரி.

இன்னொன்று. அதே ஆட்கள் இப்போது கார்பன் கிரெடிட் (காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் குறைப்பதற்குக் கிடைக்கும் விற்கத்தக்க மதிப்பு) என்று பக்கத்து ஊர்களில் சுற்றுகிறார்கள். மரம் வைத்தால், உழவைக் குறைத்தால் வெளிநாட்டுக் கம்பெனி பணம் தரும், பல வருட ஒப்பந்தம் என்கிறார்கள். ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டால் கையில் தருவதில்லையாம், படித்துக் காட்டுகிறோம் என்கிறார்களாம். நகல் தராத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ஊருக்கு அப்படி யாராவது வந்திருந்தால் கீழே எழுதுங்கள், எங்கள் புகாரோடு சேர்த்துக்கொள்கிறோம்.