வடகடலோரத் தியான இல்லமும் மாலை நான்கு மணியும்

தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடலை நோக்கி இறங்கும் ஒரு மண்சாலையின் முடிவில், சீமைக்கருவேலங் காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கும் கத்தோலிக்கத் தியான இல்லம் ஒன்றில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான இந்தத் தவக்காலத்தின் இரண்டாம் வாரம் மூன்று நாள் மௌனத் தியானம் செய்துவிட்டு வந்தேன். நிறைகளோடு குறைகளையும் எழுத இருப்பதால் இல்லத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. போகலாமா என்று கேட்கும் பெண்களுக்கு, குறிப்பாக என்னைப்போல் வீட்டில் ஒற்றை ஆளாக மிஞ்சியவர்களுக்கு, தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

என் கணவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. மகன் ஷார்ஜாவில் இருக்கிறான், மகள் திருப்பூரில். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை என்பதால் ஊரில் மதிப்புக்குக் குறைவில்லை, காலை வேளையில் பேச்சுத்துணைக்கும் குறைவில்லை. மாலை நான்கு மணிதான் என்னால் கடக்க முடியாத நேரம். அவர் வெளியே போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றியபடியே டீ கேட்கும் நேரம் அது. அந்த நேரத்தில் எழுந்த எண்ணங்களைச் சோதனை என்று அப்போது நான் நினைக்கவில்லை. இறந்தவர்களின் குரலில் குறி சொல்லும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பியிருக்கிறேன். கைப்பேசியில் நாள்தோறும் வந்துகொண்டிருந்த வாக்குத்தத்தச் செய்தி ஒன்றை நம்பி, இன்ன தேதிக்குள் ஆண்டவர் ஓர் அடையாளம் காட்டுவார் என்ற வார்த்தைக்காக, இரண்டு முறை இரண்டாயிரம் ரூபாய் காணிக்கை அனுப்பியிருக்கிறேன். செபமாலை மட்டும் தவறாமல் விரலில் உருண்டுகொண்டிருந்தது.

தங்குமிடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாப்பாடும் சேர்த்து 1,500 ரூபாய். அறை சிறியது, சுத்தமானது. குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கக் கேன் தண்ணீர் வைக்கிறார்கள். கொசுவலை கிடையாது, கொண்டுபோக வேண்டும். மேற்கு வரிசை அறைகள் பிற்பகலில் கொதிக்கும். கைப்பேசியை முதல் நாள் மாலையே ஒரு துணிப்பையில் போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அவசரத்துக்கு அலுவலக எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனால் போதும். வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் நீரிணையில் அலை குறைவு என்பதால் இரவில் கடலின் ஓசைகூடத் துணைக்கு வராது. மௌனத்துக்குப் பழக்கமில்லாதவர்கள் முதல் இரவு அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

முதல் இரவு மறையுரை (பிரசங்கம்) எதுவும் இல்லை. கஞ்சியும் தேங்காய்த் துவையலும் சுட்ட கருவாடும் பரிமாறிவிட்டு, பொறுப்பாளரான அருள்சகோதரி, “இன்னைக்கு யாரும் செபிக்க வேண்டாம், சாப்பிட்டுட்டுத் தூங்குங்க” என்று மட்டும் சொன்னார். காசு கொடுத்து வந்த எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை முதல் வாசகமாக அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தை வாசித்தபோதுதான் காரணம் விளங்கியது. பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் படுத்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி இறைவாக்கினர் எலியா கடவுளிடம் மன்றாடுகிறார். (நம் ஊரில் சூரை என்றால் முட்புதர், விவிலியத்தின் சூரை வேறு செடி என்று இங்கேதான் அறிந்தேன்.) வானதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, போதிக்கவும் இல்லை; எழுந்து சாப்பிடு என்கிறார். சாப்பிட்டு மீண்டும் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறார். ‘நான் ஒருவன்தான் எஞ்சியிருக்கிறேன்’ என்று எலியா இரண்டு தடவை முறையிடுவது அதற்குப் பிறகுதான். கடவுள் அந்த முறையீட்டுக்குக் கொடுக்கும் பதிலில் முதலில் வருவது வேலை: இன்னார் இன்னாரைப் போய்த் திருப்பொழிவு செய். இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி கடைசியில்தான் வருகிறது. துக்க வீட்டுக்கு வந்து தொடக்கத்திலேயே ‘நாங்கள் எல்லாரும் இருக்கிறோம்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களை நினைத்துக்கொண்டேன். பதினான்கு மாதமாக ஒழுங்காகச் சமைக்காத எனக்கு, மூன்றாம் நாள் மதியம் முண்டு மிளகாய் அரைத்து வைத்த நகரை மீன் குழம்பு வந்தபோது இரண்டாவது முறை சோறு கேட்கத் தோன்றியதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இந்தத் தியானத்தின் உயிர்ப்பகுதி இரண்டாம் நாள் காலை மறையுரைதான். இயேசு நாற்பது நாள் பாலைநிலத்தில் தனித்திருந்தபோது சோதிக்கப்பட்ட பகுதியை, மத்தேயு 4ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சிறு வயது முதல் கேட்ட கதைதான். ஆனால் கோவில் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லும் அலகை (சாத்தான்), அதற்குச் சான்றாகக் காட்டுவது விவிலியத்தின் 91ஆம் திருப்பாடலை (சங்கீதத்தை) என்பதை நான் நின்று யோசித்ததில்லை. என் கைப்பேசிக்கு வந்த வாக்குத்தத்தமும் அதே திருப்பாடல்தான். வசனத்தில் பிழை இல்லை. அதைக் காட்டி, கடவுள் ஒரு தேதிக்குள் தம்மை நிரூபிக்க வேண்டும் என்று கேட்கவைத்ததில்தான் பிழை இருந்தது. அடையாளம் கேட்பதை நான் விசுவாசம் என்றே எண்ணியிருந்தேன். தேதி கடந்து எதுவும் நடக்காதபோது உள்ளே ஏற்பட்ட கசப்பை வைத்துப் பார்த்தால், அது விசுவாசமாக இருந்திருக்க முடியாது.

அதே திருப்பாடலில் நண்பகலில் தாக்கும் கொடிய வாதையைப் பற்றிய வரியும் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், அந்த வரியைக்கொண்டு ஒரு தனிச் சோதனையை விவரித்திருக்கிறார். காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை சூரியன் நகரவே இல்லை என்று தோன்றுமாம். துறவி திரும்பத் திரும்பச் சாளரத்தைப் பார்ப்பாராம். உறவினர்களின் நினைவும், இனி வாழவேண்டிய நீண்ட காலத்தின் கணக்கும் வந்து அமுக்குமாம். கிரேக்கத்தில் அதற்கு அகேடியா என்று பெயர். தமிழில் ஆன்மச் சோர்வு என்கிறார்கள். என் நான்கு மணிக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பெயர் வைத்திருக்கிறார் என்று கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அதே எகிப்தியப் பாலைநிலத்தில் தனித்து வாழ்ந்த துறவி வனத்து அந்தோணியாரைப் பற்றியும் சொன்னார்கள். கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போய்வருபவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இருப்பவர் பதுவை அந்தோணியார், இவர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். அலகைகளிடம் அடிபட்டுக் கிடந்தபின் ஒளி தோன்ற, இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர் என்று இவர் கேட்டாராம்; இங்கேதான் இருந்தேன், உன் போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பதில் வந்ததாம். இந்தப் பதிலை நான் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு கை கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

ஒவ்வொருவருக்கும் ஆன்ம வழிகாட்டியுடன் தனியாகப் பேச நேரம் உண்டு. நான் பஸ் ஸ்டாண்டு வரை போன கதையை யாரிடமும் சொன்னதில்லை, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூட. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் விதி ஒன்றை வழிகாட்டி எடுத்துக்காட்டினார்: கள்ளக் காதலன் தன் பேச்சு வெளியே தெரியக்கூடாது என்று விரும்புவதுபோல, தீய ஆவியும் மறைவையே விரும்பும், ஒரு நல்ல ஆலோசகரிடம் சொல்லிவிட்டால் அதன் ஆட்டம் குலைந்துவிடும். சொன்னேன். அவர் அதிர்ச்சி காட்டவில்லை. கடவுளிடமிருந்து பதில் வராமல், ஏன்தோரில் இருந்த குறிசொல்லும் பெண்ணிடம் சவுல் அரசர் மாறுவேடத்தில் போன பகுதியை வாசிக்கச் சொன்னார். நடுங்கி விழுந்த சவுலுக்குக் கன்று அடித்துச் சோறு போட்டது அந்தக் குறிசொல்லும் பெண்தான் என்பது அதில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “நாலு மணிக்கு என்ன செய்றீங்க டீச்சர்?” ஒன்றும் செய்வதில்லை என்றேன். அன்று மாலையிலிருந்து முப்பத்தெட்டுப் பேருக்கு டீ ஊற்றும் வேலை என் கைக்கு வந்தது.

இனி குறைகள். முப்பத்தெட்டுப் பேருக்கு வழிகாட்டிகள் இருவர்தான். எனக்குக் கிடைத்தது இருபது நிமிடம். இதைவிடப் பெரிய குறை கடைசி இரவு வைத்த குணமளிக்கும் செபம். வெளியிலிருந்து வந்த ஒருவர் ஒலிபெருக்கியில், தனிமை ஒரு பேய், அது இப்போதே ஓடட்டும் என்று கத்தினார். இரண்டு நாள் பொறுமையாகக் கட்டியதை ஒரு மணி நேரத்தில் கலைத்துவிட்டார். தனிமை வேறு, தனிமையில் வரும் சோதனை வேறு. கைதாவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே தம்மோடு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கேட்டார், அவர்கள் தூங்கிப்போனார்கள். அந்தத் தனிமையை யாராவது பேய் என்பார்களா? என் பக்கத்தில் இருந்த பெண், மகனைக் கடலில் இழந்தவர், அன்றிரவு முழுவதும் தூங்கவில்லை. மௌன நேரம் என்பதால் அவரோடு பேசவும் முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது குறை, வீட்டுக்கு அனுப்பிய பிறகு யாரும் விசாரிப்பதில்லை. ஒரு போன் கூட இல்லை.

முடிவு நாளன்று விருப்பமுள்ளவர்களை வேனில் ஓரியூருக்கு அழைத்துப்போனார்கள். இதற்குத் தனியாக 150 ரூபாய். லிஸ்பனில் பிறந்து, மறவர் நாட்டில் அருளானந்தர் என்ற பெயரோடு வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டுண்ட இடம் இது. 1947இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். எல்லாரும் செம்மண்ணைப் பொட்டலம் கட்டினோம். முந்தைய நாள் சிறையிலிருந்து தம் சபையினருக்கு அவர் கடிதம் எழுதியிருக்கிறார் என்று வழிகாட்டி சொன்னது எனக்கு மண்ணைவிட முக்கியமாகப் பட்டது. தனியாக இருந்தவர், தம்மவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்போடு எழுதியிருக்கிறார். அன்றிரவு மகனுக்கு நானும் ஒரு நீண்ட கடிதம் எழுதத் தொடங்கினேன். வாட்ஸ்அப்பில் அல்ல, தாளில்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மாலை நான்கு மணி பழைய நான்கு மணியாகவே இருந்தது. தியானத்துக்குப் போனால் வெறுமை போய்விடும் என்று எதிர்பார்ப்பவர்கள் 1,500 ரூபாயை மிச்சப்படுத்தலாம். மாறியிருப்பது ஒன்றுதான். மனம் வறண்ட வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் இன்னொரு விதி. குறி கேட்கப் போகலாமா என்று அந்தத் தெரிந்தவர் மறுபடியும் வந்து கேட்டபோது மணி நாலேகால். காலையில் சொல்கிறேன் என்றேன். காலையில் போகத் தோன்றவில்லை.

துக்கம் நடந்த முதல் சில மாதங்களில் இருப்பவர்கள் இப்போது போக வேண்டாம். அந்த மௌனம் தாங்காது. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்தாமல் போக வேண்டும். மற்றவர்கள் தாராளமாகப் போகலாம்; கடைசி இரவுச் செபத்துக்கு மட்டும் அறையிலேயே இருந்துகொள்ள அனுமதி கேளுங்கள், கொடுக்கிறார்கள். அடுத்த தியானம் மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிறது. பெயர் கொடுத்திருக்கிறேன், கிழக்கு வரிசையில் அறையும், நான்கு மணி டீ வேலையும் கேட்டிருக்கிறேன்.