தாடை வலி: நைட் கார்டுக்கு காசு போடறதா, கவுன்சிலிங்குக்கு போறதா?

காதுக்கு முன்னாடி தாடை சேர்ற இடத்துலயும் கன்னத்துலயும் மூணு மாசத்துக்கு மேல வலி விடாம இருந்தா அது நாள்பட்ட தாடை வலி, சீட்டுல டிஎம்டின்னு எழுதியிருப்பாங்க. சென்னையில இது வந்தவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே ரூட்ல தான் போறாங்க. காது வலின்னு நெனச்சு மொதல்ல ஈஎன்டி, அவர் காதுல ஒண்ணும் இல்லன்னு பல் டாக்டருக்கு அனுப்புவாரு, பல் டாக்டர் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துட்டு "தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க, கார்டு போட்டுருவோம்"னு சொல்லுவாரு, அதாவது நைட்ல பல்லு மேல மாட்டிக்கற கவசம். சைக்காலஜிஸ்ட் பேரு இந்த ரூட்லயே வராது. நான் பேச்செடுத்தப்போ எங்கம்மா கேட்டாங்க, "தாடை வலிக்கு எதுக்குடி மனசு டாக்டரு, வெளிய தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

என் கட்சி என்னன்னு இப்பவே சொல்லிடறேன். வலி குறையணும்னா தாடை பயிற்சியும் சிபிடி (நினைப்பையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்கற பேச்சு சிகிச்சை) மாதிரி மனசு சார்ந்த சிகிச்சையும் தான் முன்னாடி, கார்டு அதுக்கு அப்புறம். பல்லு தேயாம காப்பாத்த கார்டு வேணும்னா அது தனி கணக்கு, அதை வலி கணக்குல எழுதக்கூடாது.

கார்டுன்னா என்னன்னு பாப்போம். ட்ரேல மாவு மாதிரி ஒரு பேஸ்ட்டைக் கொழைச்சு வாய்க்குள்ள அழுத்தி அளவு எடுப்பாங்க, ஏற்கனவே வாய் முழுசா திறக்க முடியாத ஆளுக்கு அந்த ஒரு நிமிஷம் இருக்கே, கண்ணுல தண்ணி வந்துடும். அப்புறம் லேப்ல இருந்து கெட்டியான அக்ரிலிக்ல ஒண்ணு வரும், பெரும்பாலும் மேல் பல்லு மேல மாட்டிக்கிட்டு தூங்கணும், டாக்டர் கடிச்சுப் பாக்கச் சொல்லி அங்கங்க ராவி சரி பண்ணுவாரு. இது பல்லு கடிக்கறதை நிறுத்தாது. நீங்க கடிக்கறதை பல்லுக்கு பதிலா அது வாங்கிக்கும், ஹெல்மெட் போட்டா விபத்து நடக்காதுன்னு இல்லையே, அதே கதை தான். ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கற கார்டு விலை கம்மி, ஆனா சிலர் தூக்கத்துல அதையே மென்னுக்கிட்டு இருப்பாங்க. முன்பல்லு மட்டும் மூடற சின்ன டைப்பை கண்காணிப்பு இல்லாம மாசக்கணக்குல போட்டா கடியே மாறிப்போக வாய்ப்பு இருக்கு, அதனால மாட்டினா எல்லா பல்லையும் மூடறதா மாட்டுங்க.

வலிக்கு இது எவ்வளவு உதவும்? இங்க தான் ஏமாற்றம். 2020-ல பிரிட்டன்ல அதுவரை வந்த ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து பாத்தாங்க, கார்டு வலியைக் குறைக்குதுன்னு சொல்ல சரியான ஆதாரம் கிடைக்கல. 2023 டிசம்பர்ல பிஎம்ஜேங்கற பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வந்த வழிகாட்டுதல் 153 ஆய்வுகள், 8,713 நோயாளிகளை வச்சு எழுதுனது, அதுல சிபிடி, தெரபிஸ்ட் கைப்பட செய்யற தாடை அசைவு, கண்காணிப்போட செய்யற பயிற்சி இதெல்லாம் 'கட்டாயம் குடுக்கலாம்' பக்கம் இருக்கு. கழட்டி மாட்டற கார்டும் போடாக்ஸ் ஊசியும் 'பொதுவா வேண்டாம்' பக்கம்.

அப்போ சிபிடி தான் ஜெயிச்சுதான்னா அவ்ளோ ஈசி இல்ல. 2022-ல காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசற ஒரு குழு, மனசு சார்ந்த சிகிச்சைகளை மட்டும் தனியா அலசுனாங்க, வலி கொஞ்சம் கொறையுது, ஆனா ஆதாரத்தோட தரம் கம்மின்னு தான் முடிச்சாங்க. மேஜிக் எல்லாம் கெடையாது. பக்கவிளைவு பெருசா இல்ல, கத்துக்கிட்டது கைலயே இருக்கும், கார்டு மாதிரி தேஞ்சு போய் புதுசு வாங்க வேண்டாம், அதனால தான் என் ஓட்டு இந்தப் பக்கம்.

சிபிடின்னா சோபால உக்கார வச்சு சின்ன வயசுக் கதை கேப்பாங்கன்னு நெனச்சா ஏமாந்துடுவீங்க, ரொம்ப சாதாரணமான வேலைங்க. வலி எப்போ ஏறுது எப்போ எறங்குதுன்னு எழுதச் சொல்லுவாங்க. அப்புறம் ஃபோன்ல அலாரம், இல்லன்னா மானிட்டர் ஓரத்துல ஒரு கலர் பொட்டு, அதைப் பாக்கறப்போல்லாம் ஒரே கேள்வி: இப்போ பல்லும் பல்லும் தொடுதா? உதடு மூடி இருக்கலாம், பல்லு தொடக்கூடாது, நாக்கு மேலண்ணத்துல லேசா பட்டும் படாம இருக்கணும். ஓஎம்ஆர்ல டெட்லைனோட உக்காந்திருக்கற ஆளும் சரி, கத்திப்பாரா டிராஃபிக்ல ஹாரனுக்கு நடுவுல நிக்கற ஆளும் சரி, செக் பண்ணிப் பாத்தா பல்லு கப்புனு கடிச்சபடியே இருக்கும். நைட் கார்டு பகல்ல டப்பாக்குள்ள தானே கெடக்குது, பகல் கடியை அது என்ன பண்ணும்? இது போக, 'இனி வாயே திறக்க முடியாம போயிடுமோ' மாதிரி பயம் வலியை எப்படி ஏத்துதுன்னு உக்காந்து பேசுவாங்க, மூச்சு பயிற்சி, தூக்கம் சரி பண்றது எல்லாம் வரும்.

தூக்கம் சும்மா சேத்தது இல்ல. அமெரிக்காவுல ஒபேரான்னு ஒரு ஆய்வு, தாடை வலியே இல்லாத 2,700 பேருக்கு மேல வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, தூக்கம் கெட்டவங்க, உடம்புல வேற வேற தொந்தரவு நெறைய இருக்கறவங்க, இவங்களுக்குத் தான் பின்னாடி தாடை வலி அதிகமா வந்துச்சு. வலி கற்பனைன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, வலியைக் கடத்தற நரம்பு சிஸ்டமே உஷாராகி உக்காந்திருக்குன்னு தான் அர்த்தம். அம்மாவுக்கு இதை ரெண்டு தடவை சொல்லியும் "என்னமோ போ"ன்னுட்டாங்க.

பல்லு மேல பழி போடறது பழைய பழக்கம். 1934-ல காஸ்டன்னு ஒரு அமெரிக்க ஈஎன்டி டாக்டர், கடைவாய்ப் பல்லு போனதால தான் காதும் தாடையும் வலிக்குதுன்னு எழுதுனாரு, அந்தக் கணக்கு பின்னாடி நிக்கல. ஆனாலும் 'கடி சரியில்ல, பல்லை ராவி சமப்படுத்திடலாம்'னு சொல்றவங்க இன்னிக்கும் இருக்காங்க. நல்ல பல்லை ராவுனா திரும்ப வராது, வலி குறையும்னு ஆதாரமும் இல்ல. வலிக்காகன்னு வரிசையா பல்லுக்கு கேப் (உறை) போடறது, க்ளிப் போடறது எதுக்கும் தலையாட்டாதீங்க, இன்னொரு டாக்டர்கிட்ட கேளுங்க. வாய் திறக்கறப்போ டக்குனு சத்தம் மட்டும் வருது, வலி இல்லன்னா சும்மா விடுங்க.

நடைமுறைன்னு வந்தா கார்டு கை ஓங்கிடும், அதை ஒத்துக்கணும். தெருவுக்கு ஒரு பல் கிளினிக் இருக்கு, கொஞ்ச நாள்ல கார்டு கைக்கு வந்துடும். வலிக்கு சிபிடி பண்ணத் தெரிஞ்ச சைக்காலஜிஸ்டைத் தேடிப் பிடிக்கணும், வாரா வாரம் லீவு போட்டு போகணும், ஒவ்வொரு தடவையும் ஃபீஸ். காசு டைட்னா கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, மனசு பக்கத்துக்கு கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஓபி இருக்கு, அரசு மனநல ஹெல்ப்லைன் 14416-க்கு ஃபோன் போட்டா தமிழ்லயே பேசுவாங்க. ஆள் கிடைக்கற வரைக்கும் பிசியோகிட்ட தாடை பயிற்சியை ஆரம்பிங்க, சூயிங் கம்மையும் கரும்பையும் தள்ளி வைங்க, கொட்டாவி வந்தா தாடைக்கு கீழ கையை முட்டு குடுங்க.

இவ்வளவும் டிஎம்டி தான்னு உறுதியானவங்களுக்கு. நடு மூணு விரலை செங்குத்தா வாய்க்குள்ள விட்டுப் பாருங்க, போகலன்னா, அதுவும் மாவா, பாக்கு பழக்கம் இருக்கற ஆளுன்னா, அது வாயோட உள்தோல் இறுகற வேற நோயா இருக்கலாம், புற்றுநோய்ல போய் முடியற ஆபத்தும் இருக்கு, உடனே பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. அம்பது வயசுக்கு மேல, மெல்லும்போது தாடை வலி, கூடவே புதுசா தலைவலி, கண்ணு மங்கறதுன்னா அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரி. நடந்தா தாடை வலிக்குது, நின்னா போயிடுதுன்னா இதய டாக்டர்.