வோல்டேஜைக் குறைக்கவே வாங்கிய கார்டு: காரைக்குடி வெயிலில் ஆர்டிஎக்ஸ் 3060

ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கேட்டால், பெட்டியில் ஓ.சி. என்று பெரிதாக அச்சடித்த கார்டைத்தான் கடையில் முதலில் எடுத்துப் போடுவார்கள். நான் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3060-க்கு, சிப்பை வடிவமைத்த என்விடியா நிர்ணயித்த பூஸ்ட் வேகம் (வேலை வரும்போது ஏறுகிற வேகம்) 1777 மெகாஹெர்ட்ஸ். ஓ.சி. என்று போட்ட இரட்டை விசிறி மாடல்கள் சிலவற்றில் அது 1807. வித்தியாசம் முப்பது மெகாஹெர்ட்ஸ், இரண்டு சதவீதம்கூடத் தேறாது. மதுரையில் ஒரு கடையில் அதற்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். இத்தனைக்கும் இரண்டு கார்டையும் மாட்டி வேலை கொடுத்தால், சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கிற வரை தானாகவே 1800-ஐத் தாண்டி ஓடும். அந்த முப்பதை வீட்டில் உட்கார்ந்து நாமே ஒரு நிமிடத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

என் தொழிலைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு பார்த்து வாங்கினேன் என்பது புரியும். செட்டிநாட்டு வீடுகளை அளந்து, பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணமாகக் கட்டி, உள்ளே நடந்து போவது போல வீடியோ செய்து கொடுக்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் வீட்டை ஓட்டலாக மாற்றுகிறவர்கள் கேட்பார்கள். அதைவிட அதிகம் கேட்பது பங்காளிகள். ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்கு இருக்கும், ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். மேல்தளத்தைப் பழுது பார்த்தால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் காட்டி ஒப்புதல் வாங்கினால்தான் கொத்தனார் உள்ளே வர முடியும்.

இந்த வேலையில் வேகத்துக்கு முன்னால் கார்டில் இருக்கிற மெமரிதான் கழுத்தைப் பிடிக்கும். வளவை (வீட்டின் நடு முற்றத்தை) சுற்றி நிற்கும் தேக்குத் தூண்கள், நிலைக்கதவின் மரவேலை, தரையில் ஆத்தங்குடிக் கல் என்று ஒவ்வொன்றுக்கும் நான் எடுத்த புகைப்படங்களைத்தான் மேலே ஒட்டுகிறேன். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஒரே காட்சியில் திறந்தால் ஒன்பது, பத்து ஜிபி சாதாரணமாகப் போய்விடும். 8 ஜிபி கார்டில் அது பாதியில் நிற்கும், அல்லது கணினியின் ராமிலிருந்து கடன் வாங்கி நகரவே நகராது. அதனால்தான் 2023-இல் வந்த 4060-ஐ எடுக்கவில்லை. அது 115 வாட்டில் ஓடுகிற கார்டு, ரெண்டரிலும், அதாவது கட்டிய காட்சியைப் படமாக்குவதிலும், 3060-ஐவிட வேகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 8 ஜிபி. 3060 வந்தது 2021 பிப்ரவரியில், பழைய சரக்குதான். இருந்தாலும் 12 ஜிபி, 192 பிட் மெமரி, 170 வாட். ஒரு எச்சரிக்கை: இதே 3060 என்ற பெயரில் 2022 கடைசியில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்றும் வந்தது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் அது கையில் வந்து விழலாம். பெட்டியின் ஓரத்தைப் படியுங்கள்.

கடைசியில் காரைக்குடியிலேயே வாங்கினேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னும் ஆயிரம் ரூபாய் குறைத்திருப்பார்கள், பல்லவன் ரயில் ஏறினால் போய்விடலாம்தான். ஆனால் கார்டு போனால் வாரண்டிக்கு அலைவது யார்? உள்ளூர்க் கடை அண்ணனிடம், "அண்ணே, இதுல பவர் லிமிட் எவ்வளவு ஏத்த விடும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேட்டதில்ல தம்பி. வேணும்னா நம்ம மெஷின்லயே மாட்டிப் பாத்துக்கங்க" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கே கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். விலை, ஜிஎஸ்டி சேர்த்து இருபத்தேழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே.

மாட்டியதும் ஜிபியு-இசட் மென்பொருளில் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து, பயாஸ் (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) விவரத்தில் பவர் லிமிட் வரியைப் பார்த்தேன். கார்டு எத்தனை வாட் வரை இழுக்கலாம் என்ற வரம்பு அது. முதலில் எடுத்த கார்டில் வழக்கமான அளவு 170, உச்சமும் 170. அதாவது கார்டின் வேகம், வோல்டேஜ் எல்லாம் மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட் பட்டையை வலப்பக்கம் இழுக்கவே முடியாது. வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் 170 வாட்டில் முட்டி, கார்டு தானே வேகத்தை இறக்கிவிடும். அலமாரியில் இருந்த இன்னொரு கம்பெனி கார்டில் உச்சம் 187. அதைத்தான் எடுத்தேன். ஓவர்கிளாக்குக்குக் கார்டு தேர்ந்தெடுக்கும்போது பெட்டியில் எழுதாத இந்த எண்தான் முக்கியம். கடையில் மாட்டிப் பார்க்க விடாவிட்டால், டெக்பவர்அப் தளத்தில் மாடல் வாரியாக பயாஸ் தொகுப்பு இருக்கிறது, இந்த எண் அதில் பதிவாகியிருக்கும். வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

இனி வோல்டேஜ். ஒரு காலத்தில் கார்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், சிலர் சர்க்யூட்டிலேயே ஈயம் வைத்து மாற்றினார்கள். 2012-இல் கெப்ளர் வரிசை வந்தபோது என்விடியா கடிவாளம் போட்டது. 2016-இல் பாஸ்கல் வந்ததிலிருந்து, ஒவ்வொரு வோல்டேஜ் புள்ளிக்கும் எவ்வளவு வேகம் என்று ஒரு வளைகோட்டை மட்டும் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜ் பட்டையைத் திறந்து நூறு சதவீதம் வைத்தாலும் 3060 சுமார் 1.1 வோல்ட்டைத் தாண்டாது. எனவே, வோல்டேஜ் ஏற்றலாம் என்று யாராவது சொல்லி விலை கூடிய மாடலைத் தள்ளினால் நம்பாதீர்கள். மேலே போகிற வழி எல்லா மாடலிலும் ஒரே இடத்தில் அடைபட்டிருக்கிறது. கீழே போகிற வழி எல்லாவற்றிலும் திறந்திருக்கிறது. விலை குறைந்த கார்டிலும்தான்.

எனக்கு வேண்டியது கீழே போகிற வழி. நான் வேலை செய்வது பழைய வீடொன்றின் பக்கத்து அறையில். ஏசி வைக்க வீட்டுக்காரர் விடவில்லை. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய சுவரில் துளை போட்டால் ஆச்சி எழுந்து வந்து அடிப்பார்கள் என்றார். ஆச்சி இறந்து முப்பது வருடம் ஆகிறது. சுவர் கனம் என்பதால் பகலில் அறை தாங்கும், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க ரெண்டர் ஓட்டினால் அக்கினி நட்சத்திரத்தில் உள்ளே 37 டிகிரி காட்டும். கார்டு இழுக்கிற 170 வாட்டும் அந்த அறைக்குள்தான் வெப்பமாக வந்து இறங்குகிறது.

சிப் தின்கிற மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும், வேகத்துக்கு நேராக மாறும். 1 வோல்ட்டிலிருந்து 0.85-க்கு இறக்கினால் அதனால் மட்டுமே கால் பங்குக்கு மேல் குறையும். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலோடு எஃப் அழுத்தினால் வளைகோடு திறக்கும். முதலில் முழுக் கோட்டையும் கீழே இறக்கிவிட்டு, 0.85 வோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து 1815 வரை தூக்கினேன். சரி என்று அழுத்தியதும் அதற்கு வலப்பக்கம் உள்ளதெல்லாம் தட்டையாகப் படுத்துவிடும். கார்டு அந்தப் புள்ளிக்கு மேல் போகவே போகாது.

ஒரு வளவுக் காட்சி, ஒரே ஃபிரேம். கம்பெனி அமைப்பில் 4 நிமிடம் 10 விநாடி, 170 வாட், சூடு 78 டிகிரி, விசிறிச் சத்தத்தில் போன் பேச முடியாது. 0.85 வோல்ட்டில் 4 நிமிடம் 18 விநாடி, 126 வாட், 66 டிகிரி. எட்டு விநாடியைக் கொடுத்து 44 வாட் மிச்சம். இதை முதல் புரொஃபைலில் சேமித்துச் சித்திரை என்று மனதில் வைத்திருக்கிறேன். இரண்டாவது மார்கழி: பவர் லிமிட் 110 சதவீதம், கோர் வேகம் கொஞ்சம் கூட. 187 வாட் இழுத்து 4 நிமிடம் 2 விநாடி. இந்த இரண்டுக்கும் நடுவே 61 வாட் இருக்கிறது, பதினாறு விநாடிதான் வித்தியாசம். விடிந்தால் வீடியோ கொடுக்க வேண்டும் என்கிற ராத்திரிகளில் மட்டும் மார்கழி.

இன்னும் இறக்கலாமே என்று 0.825-இல் 1875 வைத்தும் பார்த்தேன். விளையாட்டு ஓடியது, பெஞ்ச்மார்க்கும் ஓடியது. பிளெண்டர் மட்டும் சில ஃபிரேம் கழித்து, கூடாவின் (என்விடியா கார்டில் கணக்கை ஓட்டும் மென்பொருளின்) தவறான முகவரி என்று பிழை காட்டி நின்றது. ரெண்டருக்குக் கார்டு வாங்குகிறவர்கள் விளையாட்டுக்காரர்கள் சொல்லும் எண்ணை அப்படியே போடாதீர்கள், வோல்டேஜை ஒன்றிரண்டு படி மேலே வையுங்கள். கார்டுக்குக் கார்டு சிப் வேறு. மெமரியையும் +500 ஏற்றினேன், ரெண்டரில் ஒன்றும் தெரியவில்லை, பழையபடி விட்டுவிட்டேன்.

எதிர்பாராத லாபம் யுபிஎஸ் பக்கம். என்னுடையது 1 கேவிஏ, 600 வாட். வெயில் நாளில் சாயங்காலமானால் தெருவில் எல்லோரும் ஏசி போட, லோ வோல்டேஜ் வந்து யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும். கார்டு குறைவாக இழுப்பதால், கரண்ட் போனாலும் ஓடுகிற ஃபிரேமை முடித்துவிட்டு நிறுத்த நேரம் கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. வேலை இல்லாதபோது விசிறி நின்றுவிடும், அது நல்லதுதான். ஆனால் எங்கள் சூட்டில் சும்மா இருந்தாலே கார்டு ஐம்பதைத் தொடும், விசிறி சுற்றும், இறங்கும், நிற்கும், மறுபடி சுற்றும். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன டிக். கடைசியில் குறைந்தபட்சம் 30 சதவீதம் சுற்று என்று ஆஃப்டர்பர்னரில் கட்டளை வைத்த பிறகுதான் அடங்கியது. பின்புறத் தகடு பிளாஸ்டிக், இந்த விலைக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது. எட்டு முள் இணைப்பு ஒன்றுதான், அது போதும்: அந்த ஒயர் 150 வாட், மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும். இரண்டு இணைப்பு உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்க 3060-இல் எனக்குக் காரணம் தெரியவில்லை. மூன்று விசிறி மாடல் என் கேபினெட்டுக்குள் நுழையாது, நுழைந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஓவர்கிளாக்கோ குறைப்போ, பெரிய ஹீட்சிங்க்குக்குக் கொடுக்கிற காசு வீணாகாது.

ஏஎம்டியின் ரேடியான் பக்கம் போயிருக்கலாமா என்று கேட்பார்கள். ஏஎம்டி கார்டில் இந்த வேலைக்குத் தனி மென்பொருளே வேண்டாம். அவர்களுடைய டிரைவரோடு வரும் அட்ரினலினிலேயே வோல்டேஜ் பட்டை மில்லிவோல்ட்டில் இருக்கிறது, பார்த்தாலே புரியும். பிளெண்டரில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் என்ற ரெண்டர் முறையின் வேகம் எனக்குத் தேவை என்பதால் விட்டேன். தேவகோட்டையில் இருக்கிற என் மச்சானுக்கு விளையாட்டு மட்டும்தான், அவனுக்கு 12 ஜிபி ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி பாருடா என்றேன். 230 வாட் கார்டு, ஏஎம்டி 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கேட்கிறது. அவனிடம் இருப்பது 450. அதையும் மாற்ற வேண்டும் என்றதும், "மாமா, உங்க சித்திரை புரொஃபைல் மாதிரி இதுலயும் போட்டா 450 தாங்காதா?" என்கிறான். தாங்கலாம்தான். ஆனால் புரொஃபைல் ஏறுவது விண்டோஸ் திறந்த பிறகு, டிரைவர் ஒருமுறை விழுந்து எழுந்தால் எல்லாம் பழைய அளவுக்குப் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்று என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.